ஒரு சாண் கரை

உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம் எனக்குக் கிடையாது. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தபடியேதான் சாப்பிடுவேன். "காலுல சக்கரம் கட்டிக்கினு பொறந்துட்டா" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருக்கிறாள். அந்த வாரம் சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சென்னையில் ஒரு கண்காட்சியில் என் ஐந்து ஓவியங்கள் சுவரில் ஏறப்போகின்றன. முப்பத்தைந்து வயதில், முதல்முறையாக.

எனக்குச் சோறு போடுவது ஓவியம் இல்லை. தேர்வாய் கண்டிகையில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். எட்டு மணி நேரம் நின்றுகொண்டு ரப்பர் வளையங்களில் பிசிறு பார்க்க வேண்டும். பிசிறு கண்ணில் பட்டால் அந்த வளையம் குப்பைக்கூடைக்கு. கம்பெனி பஸ்ஸில் கும்மிடிப்பூண்டிக்கு வந்து இறங்கியதும் முகம்கூடக் கழுவாமல் பிரஷ்ஷை எடுத்துவிடுவேன்.

கண்காட்சியை நடத்துகிற சுமலதா மேடம் ஆறு மாதத்துக்கு முன்னால் போனில் ஒரு கேள்வி கேட்டார். "உங்க கம்யூனிட்டியோட துணி எது ஏஞ்சலின்? அந்த டிசைனை எடுத்து வரையுங்க. அதான் இந்த ஷோவோட தீம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்கள் துணி என்ன என்று நான் எங்கே போய்க் கேட்பேன்? அப்பாவுக்கு மில்லில் கொடுத்த காக்கி. அம்மாவுக்குத் தவணைக்காரர் சைக்கிளில் கொண்டுவந்த பாலியஸ்டர். நூலகத்தில் தடித்தடியாகப் புத்தகங்கள் எடுத்துப் பார்த்தேன். நெய்தவர்களுக்கு ஒரு டிசைன், நிலம் வைத்திருந்தவர்களுக்கு ஒரு டிசைன், ராஜா வீட்டு யானைக்குக்கூடத் தனி டிசைன். கூலி வேலை செய்தவர்களுக்கு மட்டும் ஒரே வரி: இடுப்பில் ஒரு துண்டு கட்டியிருந்தார்கள். புத்தகத்தை மூடிய சத்தத்தில் நூலகர் நிமிர்ந்து பார்த்தார்.

அப்புறம்தான் அம்மாவின் டிரங்குப் பெட்டி ஞாபகம் வந்தது. அதன் அடியில் ஓர் அரக்கு நிற ஆரணிப் பட்டு இருக்கிறது. கரையில் வரிசையாகக் கோபுரங்கள், இரண்டு கோபுரத்துக்கு நடுவில் ஒரு மயில். முந்தானை ஓரத்தில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்குக் கரை இருக்காது. கோபுரங்கள் வந்துகொண்டே இருந்து சட்டென்று நின்றுவிடும். அந்த இடத்தைச் சிவப்பு நூலால் மடித்துத் தைத்திருப்பாள். அப்பா முதல் சம்பளத்தில் கல்யாணத்துக்கு எடுத்துக்கொடுத்தது என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு மட்டும் கட்டுவாள். அதையும் தலைகீழாகக் கட்டுவாள்: முந்தானை உள்ளே போய்விடும், வெறும் பக்கம் தோளுக்கு வரும்.

நான் பிடித்துக்கொண்டேன். ஐந்து படத்திலும் அந்தக் கோபுரக் கரைதான். மில் புகைக்கு நடுவில், ரயில் தண்டவாளத்தின் மேல், அப்பாவின் காக்கிச் சட்டையைச் சுற்றி அது ஓடும். ஓடி, ஒரு சாண் மிச்சம் இருக்கும்போது நின்றுவிடும். 'எங்கள் பெண்கள் முந்தானையை உள்ளே மறைத்துக் கட்டுவார்கள்' என்று சுமலதா மேடத்துக்கு மெயிலும் போட்டேன். அவர் அதை வைத்து, 'முடிவுறாத கரை: வேர் பெயர்ந்த மக்களின் பாதியில் நின்ற வாக்கியம்' என்று படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டும் குறிப்பை எழுதி அனுப்பினார். படித்ததும் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

அம்மா மட்டும் ஒவ்வொரு படம் முடியும்போதும் வந்து நின்று, "அந்தக் கரைய முடிச்சுடேன்டி. பாதில வுட்டா மூளியா கீது" என்பாள்.

"உனுக்கு ஆர்ட்டு தெரியாது, போம்மா" என்று நான் விரட்டிவிடுவேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அன்புசெல்வன் வந்தான். பத்தாவது வரை என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். அப்பாவின் சொந்த ஊரில் நிலம் நீச்சோடு இருக்கிற வீட்டுப் பிள்ளை. விவசாயம் போக இரண்டு டாடா ஏஸ் ஓட்டுகிறான். படங்களைத் தன் வண்டியிலேயே சென்னைக்குக் கொண்டுபோய் இறக்குவதாகச் சொல்லியிருந்தான். நல்லவன்தான். ஆனால் அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு "வாங்க நைனா, வாங்க" என்று எழுந்து நிற்பாள். தன் பிள்ளை வயசுக்காரனிடம் இவ்வளவு பணிவு எதற்கு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவன் டேப்பை வைத்துப் படங்களை அளந்தான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொன்னதுதான். ஒவ்வொரு படமாக நிறுத்தி, நின்றுபோன கரையைக் காட்டி, வேர் பெயர்ந்த மக்கள், பாதியில் நின்ற வாக்கியம் என்று ஒரு பிரசங்கமே நடத்திவிட்டேன். அவன் முகம் மாறுவதைக்கூடக் கவனிக்கவில்லை.

"அந்தப் பொடவை இங்க கீதா?" என்றான்.

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அதைச் செய்தேன். பெட்டியைத் திறந்து எடுத்து அவன் கையிலேயே கொடுத்தேன். சமையல் பக்கமிருந்து டீயோடு வந்த அம்மா அங்கேயே நின்றுவிட்டாள். "அத்த ஏன்டி எடுத்த?"

அன்புசெல்வன் அந்தச் சிவப்புத் தையலை விரலால் தடவினான். போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான். "எங்கப்பாவ ஒரு வார்த்த கேக்கணும். ஞாயித்துக்கெழம காலைல வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, டீயைத் தொடாமல் போய்விட்டான்.

அம்மா சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். நான் புடவையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாம்மா ஆச்சு? அவன் ஏன் பேய் அறைஞ்ச மாதிரி போறான்?"

"அது கோடிடி."

"புதுப் புடவைதான, கல்யாணத்துக்கு எடுத்தது."

"கல்யாணத்துக் கோடி இல்ல. எழவுக் கோடி. பொணத்து மேல போடறது." அம்மா என்னைப் பார்க்கவில்லை. "அந்த ஊட்டு மூத்த மருமக, திலகவதி அம்மா. இவனுக்குப் பெரியம்மா ஆவணும். புள்ள பெத்து மூணா நாளு பூட்டாங்க, பூவும் பொட்டுமா. அவங்க பொறந்த ஊட்லர்ந்து கொண்டாந்து போட்ட பட்டு இது. ஒங்கப்பனும் ஒங்க தாத்தனும்தான் அந்த ஊரு சுடுகாட்டு வேல. கொள்ளி வெக்கறதுக்கு மின்ன மேல கெடக்கற கோடிய எல்லாம் எடுத்து, ஒரு சாண் கரையக் கிழிச்சுட்டு, வெட்டியானாண்ட தூக்கிப் போடுவாங்க. அதான் மொற."

அப்பா பெயர் வரதன். சர்ச் பதிவேட்டில் மட்டும் இம்மானுவேல். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் ஞானஸ்நானம் எடுத்தார், கல்யாணம் ஆன கையோடு கும்மிடிப்பூண்டிக்கு வந்து ரோலிங் மில்லில் சேர்ந்தார், முப்பத்தொரு வருஷம் இரும்புப் புகை குடித்துவிட்டு ஆறு வருஷத்துக்கு முன்னால் கண்ணை மூடினார். அவருடைய ஊர் இங்கிருந்து ஆறு கிலோமீட்டர். அந்தப் பக்கம் அவர் சைக்கிளைத் திருப்பி நான் பார்த்ததில்லை. ஏன் என்று ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. நூலகத்தில் போய்க் கேட்டேன்.

"இதையா கல்யாணத்துக்குக் கட்டுன?"

"வேற இன்னா இருந்துச்சு? பட்டுன்னு கண்ணுல பாத்தது அது ஒண்ணுதான். கிழிஞ்ச தலப்ப உள்ள வெச்சுக் கட்டிக்கினேன். பாஸ்டர் சம்சாரம்கூட பொடவ சோக்கா கீதுன்னாங்க."

எங்கள் பெண்கள் முந்தானையை உள்ளே மறைத்துக் கட்டுவார்களாம். எங்கள் பெண்களாவது! என் அம்மா, செண்பகம் என்கிற ஒருத்தி, ஒரு கிழிசலை மறைப்பதற்காகக் கட்டினாள். நான் அதை ஒரு மரபாக்கி, மெயிலில் ஏற்றி, கண்காட்சிக்கு அனுப்பிவிட்டேன். வெட்கம் காதுவரை சுட்டது.

அம்மா என் காலைத் தொட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அந்தக் கரைய முடிச்சுடு கண்ணு. நம்ம ஊரு சனம் எவனாச்சும் பாத்தா ஒரு நிமிசத்துல தெரிஞ்சுக்குவான். ஒங்கப்பா இதுக்காகத்தான ஊரையே வுட்டுட்டு வந்தாரு. அவர அங்கயே திரும்பக் கொண்டுபோய் நிறுத்தாத."

நான் வெளியே போனேன். ரயில்வே கேட் வரை நடந்தேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன்.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் கம்பெனியில் என் கண் வளையத்தில் நிற்கவில்லை. ஒரு டிரே முழுக்கப் பிசிறோடு பாஸ் பண்ணி அனுப்பி, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கரையை முடித்துவிட்டால் அம்மா தலை நிமிர்ந்து இருப்பாள், படம் செத்துவிடும். முடிக்காவிட்டால் படம் நிற்கும். அம்மா முப்பத்தேழு வருஷம் மறைத்தது சந்தியில் நிற்கும். இதற்கு நடுவில் சுமலதா மேடத்தின் போன் வேறு. "அந்த ஒரிஜினல் புடவையையும் கொண்டாந்துடுங்க. படங்களுக்குப் பக்கத்துல செவுத்துல தொங்க விடலாம்." பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை லீவு. மதியம் உட்காராமல் நின்றபடியே பெயின்ட்டைக் குழைத்தேன். காக்கிச் சட்டைப் படத்தை எடுத்து, நின்றுபோன இடத்திலிருந்து ஒரு கோபுரம், ஒரு மயில், ஒரு கோபுரம் என்று வரைந்து கரையை ஓரம்வரை கொண்டுபோய் முடித்தேன். கை ஒழுங்காகத்தான் வேலை செய்தது. எட்டிநின்று பார்த்தேன். ஜவுளிக்கடைக் காலண்டர் மாதிரி இருந்தது.

அம்மா வந்து பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "இப்பதான்டி புதுப் பொடவ மாதிரி கீது" என்றாள். மிச்சம் நாலையும் காலையில் முடித்துவிடுகிறேன் என்று சொன்னேன். அவள் அன்றைக்கு எனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தாள். எனக்கு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கே அன்புசெல்வனின் வண்டி வந்துவிட்டது. நான் இரண்டாவது படத்துக்கு அப்போதுதான் பிரஷ்ஷை எடுத்திருந்தேன். அவன் கையில் ஜவுளிக்கடைப் பை ஒன்று இருந்தது. அம்மா வழக்கம்போல எழுந்து நின்றாள்.

"ஏஞ்சலின், தப்பா எடுத்துக்காத" என்றான். "அப்பா போட்டோவப் பாத்ததும் கண்டுபிடிச்சுட்டாரு. அது எங்க பெரியம்மா பொடவ. எங்க ஊட்ல அவங்கதான் பூவாடைக்காரி. வருசா வருசம் பொடவ வெச்சுப் படைக்கிறோம், சாமியாக் கும்புடறோம். அவங்க மேல கெடந்தத நீ செவுத்துல மாட்டி ஊரே வேடிக்கை பாக்குறதா? எனக்கு மனசு கேக்கல."

அவன் குரல் உண்மையிலேயே கம்மியிருந்தது. அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

"முடிச்சுட்டேன் பாரு" என்று காக்கிச் சட்டைப் படத்தைக் காட்டினேன். "மிச்சத்தையும் முடிச்சுடறேன். யாருக்கும் தெரியாது."

"படம் போவவே வாணாம். நான் ஏத்த மாட்டேன்." பையை அம்மாவிடம் நீட்டினான். "யம்மா, இது புதுப் பட்டு. காஞ்சிபுரம். நீங்க வெச்சுக்கோங்க. அந்தப் பொடவையக் குடுத்துடுங்க. படையல்ல வெச்சுக் கும்புட்டுக்கறோம்னு அப்பா சொன்னாரு. அது எங்க ஊட்டுப் பொருளு."

அம்மா பையை வாங்கிக்கொள்வாள் என்றே நினைத்தேன். இதைவிடச் சுலபமான வழி அவளுக்கு வேறு எது? புடவை போய்விடும், படம் போய்விடும், அப்பாவின் கதையும் அதோடு போய்விடும். கையை நீட்டிவிடப் போகிறாளே என்று பயந்துகொண்டு நின்றேன்.

அம்மா கையை நீட்டவில்லை.

"ஒங்க ஊட்டுப் பொருளா நைனா?" என்றாள். மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. "கிழிச்சுட்டுத்தான குடுத்தாங்க? ஒரு சாண் கரையக் கிழிக்கறதே எதுக்கு? இனிமே இது இந்த ஊட்டு வாசப்படி ஏறக்கூடாதுன்னுதான? ஒங்க பெரியப்பா கையாலதான் கிழிச்சாரு. எங்க ஊட்டுக்காரரு சொல்லியிருக்காரு. அந்த ஒரு சாண் கரையத்தான் நெருப்புல போட்டாங்க. ஒங்களுது எரிஞ்சு போச்சு. மிச்சம் எங்களுது."

"இல்லம்மா, அப்பா இன்னா சொல்றாருன்னா..."

"அந்தம்மாவ நீங்க கும்புடுங்க, வாணான்னு சொல்லல. நானும் நல்லாருக்கணும்னுதான் நெனைச்சுக்குவேன், ஒவ்வொரு தபா கட்டும்போதும். ஆனா திரும்பி வரக்கூடாதுன்னு கிழிச்சத திருப்பிக் கேக்கறது மொற இல்ல. அது வரல நைனா. ஒங்க ஊட்டுக்கு அது வராது."

அன்புசெல்வன் பையைப் பிடித்தபடி நின்றான். அவனுக்கும் முறை தெரியும். சுடுகாட்டுக்குப் போய் வந்தவன்தானே, என்னைவிட நன்றாகவே தெரியும். என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் படி இறங்கினான். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

நான் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நாளாக அவள் அந்தப் புடவையை நினைத்து வெட்கப்பட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். வெட்கம்தான். ஆனால் அதைப் பிடுங்க ஒருத்தன் வந்ததும் வெட்கம் பின்னால் போய்விட்டது. அந்த நிமிஷம் அவளை எனக்கு அவ்வளவு பிடித்தது.

"இன்னா பராக்குப் பாத்துக்கினுகீற?" என்றாள். "அந்தச் சட்டப் படத்துல நேத்து வரைஞ்சது காஞ்சு பூட்ச்சா?"

"ஆயில் பெயின்ட்டும்மா. இன்னும் ஈரம்."

"அழிச்சுடு."

டர்பன்டைனில் துணியை நனைத்துத் துடைத்தேன். மயில் முதலில் போனது, அப்புறம் கோபுரங்கள். லேசாக ஒரு கறை தங்கிவிட்டது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சுமலதா மேடத்துக்குப் போன் போட்டு, அந்தக் குறிப்பை எடுத்துவிடச் சொன்னேன். முந்தானை பற்றி நான் எழுதினது என் கற்பனை, அதையும் எடுத்துவிடுங்கள். 'எழவுக் கோடி. ஒரு சாண் கிழித்து என் அப்பாவிடம் போட்டது. என் அம்மா கல்யாணத்துக்குக் கட்டியது.' இதை மட்டும் எழுதுங்கள் என்றேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு, "ரொம்ப பவர்ஃபுல்லா இருக்கு ஏஞ்சலின்" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. புடவையை மறக்காமல் எடுத்துவரச் சொன்னார். அம்மாவிடம் கேட்டேன்.

"செவுத்துல மாட்டறதுக்கு நான் இன்னா செத்தா பூட்டேன்? கட்டிக்கினு வரேன், பாத்துக்கட்டும்" என்றாள்.

வண்டி இல்லை. படங்களை இரண்டு கட்டாகப் பெட்ஷீட்டில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி, பதினொன்றரை மணி லோக்கலைப் பிடித்தோம். லேடீஸ் பெட்டியில் நான் கதவோரம் கட்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். புடவையை அவள் நேராகக் கட்டியிருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். முந்தானை முன்னால், மடியில் கிடந்தது. சிவப்புத் தையல் வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது. யாராவது கேட்டால் என்ன சொல்வாள் என்று யோசித்தபடி கட்டுக் கயிற்றை இறுக்கிப் பிடித்தேன்.

பொன்னேரியில் கீரைக் கூடையோடு ஒரு அம்மாள் ஏறி எதிரில் உட்கார்ந்தாள். அம்மா வயசு இருக்கும். வந்ததிலிருந்து அவள் கண் அந்த முந்தானையிலேயே இருந்தது. கடைசியில் கேட்டேவிட்டாள்.

"இன்னாக்கா, நல்ல பட்டு. கரை இல்லியே?"

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அந்த அம்மாளிடம், பெட்டிக்கே கேட்கிற குரலில் சொன்னாள்: "கோடிம்மா. பொணத்து மேல போட்டது. கிழிச்சுதான் குடுத்தாங்க."

பக்கத்தில் இருந்த காலேஜ் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். எனக்குக் கன்னம் சுட்டது.

கீரைக்கார அம்மாள் குனிந்து, முந்தானையைக் கையில் எடுத்தாள். கடையில் பட்டைப் பார்ப்பதுபோல இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"உனுக்குப் பட்டு கெடச்சிச்சா?" என்றாள் பொறாமையோடு. "எங்க ஊட்டுக்கு வந்ததெல்லாம் நூல் பொடவதான். எங்கம்மா நாலு வெச்சிருந்தா."

"அதுலயும் கிழிப்பாங்களா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

"கிழிக்காம?" என்றாள் அவள். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் அகல விரித்து, தன் புடவை ஓரத்தில் வைத்து அளந்து காட்டினாள். "இத்தினி."